கோழையின் சாவும் இசைமை இல்லாத பெருமிதமும்: மாரியோ மோனிச்செல்லியின் 'பெரும் போர்' திரைப்படத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மாரியோ மோனிச்செல்லி இயக்கி 1959இல் வெளிவந்த 'லா கிராந்தே குவெர்ரா' (பெரும் போர்) என்னும் இத்தாலிய நகைச்சுவைத் திரைப்படம், முதல் உலகப் போரில் பணியிலிருந்து நழுவுவதையே தொழிலாகக் கொண்ட இரு படைவீரர்களின் கதையைச் சொல்கிறது. சிரிப்பில் தொடங்கும் படம் அவ்விருவரும் சுடப்படுவதில் முடிகிறது. இம்முடிவு நாட்டுப்பற்றுக்குப் படம் செய்துகொண்ட சமரசம் என்பது ஒரு சாராரின் கருத்து. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கும் அச்சத்துக்கும் பெருமிதத்துக்கும் கூறும் நிலைக்களன்களைத் துணைக்கொண்டு அக்கருத்தை இக்கட்டுரை மறுக்கிறது. படத்தின் உண்மையான குறை வேறோர் இடத்தில் இருப்பதையும் காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மோனிச்செல்லி, இத்தாலிய நகைச்சுவைத் திரைப்படம், முதல் உலகப் போர், மெய்ப்பாடு, நகை, அச்சம், பெருமிதம்

முன்னுரை

1953ஆம் ஆண்டில் இத்தாலியில் ஒரு திரைக்கதைச் சுருக்கத்துக்காக இருவர் சிறை சென்றனர். ரென்ட்ஸோ ரென்ட்ஸி அதை எழுதினார். குய்தோ அரிஸ்தார்கோ தாம் நடத்திய 'சினேமா நுவோவோ' இதழில் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் கிரேக்க நாட்டை ஆக்கிரமித்திருந்த இத்தாலியப் படையினர் போரைக் காட்டிலும் பெண்களின் பின்னால் அலைவதிலேயே நாட்டம் கொண்டிருந்தனர் என்பது அச்சுருக்கத்தின் பொருள். அதன் தலைப்பிலேயே 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் இடம்பெற்றிருந்தது. அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. ஆயினும் படையை இழிவுபடுத்தியதாக எழுதியவரும் வெளியிட்டவரும் கைது செய்யப்பட்டுப் படைத்துறை நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டனர்.

போர் முடிந்து, முசோலினி வீழ்ந்து, குடியரசு அமைந்த பின்னரும் படைவீரனைப் பார்த்துச் சிரிப்பது இத்தாலியில் குற்றமாகவே கருதப்பட்டது என்பதற்கு இவ்வழக்கு சான்று. அது நடந்து ஆறே ஆண்டுகளில் மோனிச்செல்லியின் படம் வந்தது. படப்பிடிப்புக்கு முன்பே செய்தித்தாள்களில் எதிர்ப்பு கிளம்பியது. மாண்டவர்களின் நினைவு புனிதமானது, அதைச் சிரிப்பு நடிகர்களின் கையில் கொடுக்கலாமா என்பது அவ்வெதிர்ப்பின் சாரம். சிரிப்பு மாண்டவர்களை இழிவுபடுத்துமா என்ற கேள்வி தள்ளிவிடக்கூடியது அன்று. அதற்குப் படத்தின் உள்ளிருந்தே விடை தேட வேண்டும்.

படமும் அதற்கு முந்தைய போரும்

ஜொவான்னி புசாக்கா மிலான் நகரத்தவன், சிறை கண்டவன், அரசின்மைவாதியான பக்கூனினின் பெயரை அவ்வப்போது உதிர்ப்பவன். ஒரெஸ்டே யாகோவாச்சி உரோமாபுரியின் குறுக்குவழிக்காரன். 1916இல் படைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருவரும் முதலில் சந்திக்கின்றனர். படைப்பணிக்குத் தகுதியற்றவன் என்று தன்னைத் தள்ளிவிடச் செய்வதாகச் சொல்லி யாகோவாச்சி புசாக்காவிடம் பணம் பெறுகிறான்; ஆனால் எதுவும் செய்யவில்லை. பின்னர் இருவரும் ஒரே படைப்பிரிவில் சிக்கிக்கொள்கின்றனர். ஏமாற்றியவனும் ஏமாந்தவனும் நண்பர்களாகின்றனர்.

புசாக்காவாக விட்டோரியோ காஸ்மனும் யாகோவாச்சியாக ஆல்பெர்ட்டோ சோர்டியும் நடித்தனர். மேடையில் துன்பியல் நடிகராகப் பெயர் பெற்றிருந்த காஸ்மனை 1958இல் 'இ சோலிதி இன்யோதி' படத்தின் வழியாகச் சிரிப்பு நடிகராக்கியவரும் மோனிச்செல்லியே. ஆஜெ, ஸ்கார்ப்பெல்லி, வின்சென்ட்ஸோனி ஆகியோர் இயக்குநருடன் இணைந்து திரைக்கதை எழுதினர். இசை நீனோ ரோட்டா. ஒளிப்பதிவில் முதன்மைப் பங்கு ஜுசெப்பே ரொட்டுன்னோவுடையது. தயாரிப்பு தீனோ தெ லௌரென்டீஸ். கறுப்பு வெள்ளைப் படம் எனினும் அகன்ற திரைக்கு எடுக்கப்பட்டது. இத்தேர்வு பொருளற்றது அன்று. சேறும் பதுங்குகுழியும் வரிசை வரிசையான ஆட்களும் திரையை நிறைக்க, அவர்களுக்கு நடுவே ஒதுங்க இடம் தேடும் இருவரை நம் கண் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சிரிப்புப் படங்களில் வழக்கமாக நடிகரின் முகமே திரையை ஆளும். இங்கே கூட்டம் ஆள்கிறது.

இத்தாலி 1915 மே 24 அன்று போரில் இறங்கியது. இசோன்ட்ஸோ ஆற்றங்கரையில் பதினொரு முறை தாக்குதல் நடத்தியும் பெரிதாக முன்னேற இயலவில்லை. பன்னிரண்டாம் முறை தாக்கியது எதிர்த்தரப்பு. 1917 அக்டோபர் 24 அன்று தொடங்கிய அந்தக் கபொரெட்டோ போரில் இத்தாலிய அணிகள் சிதறின. 2,50,000க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். பியாவே ஆற்றங்கரையில்தான் பின்வாங்கல் நின்றது. போர் முடிவதற்குள் இத்தாலி இழந்த படைவீரர் 6,00,000க்கும் அதிகம்.

கபொரெட்டோவுக்குப் பின் தலைமைத் தளபதி லூயிஜி கடோர்னா வெளியிட்ட அக்டோபர் 28ஆம் நாள் அறிக்கை நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. இரண்டாம் படையைச் சேர்ந்த சில பிரிவுகள் போரிடாமல் கோழைத்தனமாகப் பின்வாங்கியதே தோல்விக்குக் காரணம் என்றார் அவர். திட்டம் தீட்டியவர்களின் பிழை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே 'கோழை' என்ற சொல்லை இத்தாலியப் படைவீரன்மேல் முதலில் எறிந்தது சிரிப்புப் படம் அன்று, அவனுடைய தளபதியே. 1959இல் படத்தை எதிர்த்தவர்கள் இதை நினைவில் கொள்ளவில்லை.

பின்னர் வந்த பாசிச ஆட்சி அதே வீரர்களை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டது. 1938இல் முசோலினி திறந்துவைத்த ரெதிபூலியா நினைவிடத்தில் மலைச்சரிவில் 22 படிகளாக 1,00,000க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அடுக்கப்பட்டுள்ளன. படிதோறும் 'இருக்கிறேன்' எனப் பொருள்படும் சொல் மீண்டும் மீண்டும் பொறிக்கப்பட்டுள்ளது. பெயர் கூப்பிடும்போது அணியில் நிற்பவன் சொல்லும் விடை அது. இறந்த பின்னும் அவனுக்கு அணிவகுப்பிலிருந்து விடுதலை இல்லை. பெயர் கூப்பிடும்போதெல்லாம் எங்காவது ஒளிந்திருக்கும் இரண்டு பேரைக் கதைத்தலைவர்களாக்கிய படத்தை இக்கல்லின் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நகையின் களன்கள்

தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுவார். எள்ளல் இரு திசைப்பட்டது என்பது உரையாளர் விளக்கம்: தான் பிறரை எள்ளுதலும் உண்டு, பிறரால் தான் எள்ளப்படுதலும் உண்டு. பேதைமை அறிவின்மை. மடனோ பிறர் சொன்னதை ஆராயாது பற்றிக்கொண்டு விடாதிருத்தல். இப்பகுப்பை அயல்நாட்டுப் படமொன்றின்மேல் அப்படியே போர்த்துவது என் நோக்கம் அன்று. ஆனால் 'கோமாளித்தனம்' என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடும் இடத்தில் யாருடைய எந்தக் குறையைக் கண்டு சிரிக்கிறோம் என்று வினவ அது உதவுகிறது.

திறமையற்ற படைவீரனைக் கண்டு சிரிக்கும் மரபு இத்தாலியில் நீண்டது. உரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் வாய்வீச்சுப் படைவீரனும் முகமூடி நாடகக் குழுக்களின் 'கப்பித்தான்' பாத்திரமும் ஒரே வகையினர். வாயால் ஆயிரம் பேரை வெட்டிவிட்டு நாய் குரைத்தால் ஓடுபவர்கள். அங்கே சிரிப்பு எள்ளலில் பிறக்கிறது. தற்பெருமை பேசியவன் உதைபடும்போது நாம் மகிழ்கிறோம், அவ்வளவே. இம்மரபிலிருந்து விலகி நிற்பவர் பதினாறாம் நூற்றாண்டின் பாதுவா நாட்டு நாடகாசிரியர் ஆஞ்செலோ பெயோல்கோ. அவர் படைத்து, தாமே நடித்து, தம் பெயராகவே ஆகிப்போன பாத்திரம் ரூட்ஸான்டே. உழவனான அவன் வெனிஸ் படையோடு போருக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்புகிறான். மனைவி வேறொருவனிடம் போய்விட்டாள். அந்த ஒருவன் இவனை அடித்துப் போடுகிறான். எழுந்தபின், அடித்தவர்கள் நூறு பேர் என்கிறான் ரூட்ஸான்டே. கப்பித்தானும் இதே பொய்யைச் சொல்வான். ஆனால் ரூட்ஸான்டேயின் பொய்யில் எள்ளல் குறைந்து வேறொன்று தலைகாட்டுகிறது. போர் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டவை எவை என்பது நமக்குத் தெரிந்திருப்பதால் சிரிப்பு முழுமையாக வெளிவருவதில்லை.

புசாக்காவும் யாகோவாச்சியும் ரூட்ஸான்டேயின் வழியினர். அவர்கள் பேதைகள் அல்லர் என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சண்டை எங்கே நடக்கும், எந்தப் பணியில் உயிர் தப்பும், எந்த அதிகாரியிடம் எந்த முகம் காட்ட வேண்டும் என்பவை அவர்களுக்கு அத்துபடி. படைத்தொழிலில்தான் அவர்கள் திறமையற்றவர்கள்; பிழைத்துக்கிடக்கும் தொழிலில் வல்லவர்கள். படம் பேதைமையை எங்கே வைக்கிறது என்று பார்த்தால் விடை வியப்பளிக்கும். திறம் குறைந்தவர்கள் என்று கருதப்பட்டதால் இவ்விருவரும் ஆணைகளைச் சுமந்து ஓடும் தூதுப்பணிக்கு அனுப்பப்படுகின்றனர். அதுவோ குண்டுமழைக்கு நடுவே தனியாக ஓட வேண்டிய, சாவு மிக நெருங்கிய பணி. தகுதி குறைந்தவனை இழந்தால் இழப்பில்லை என்னும் கணக்கு அது. கணக்காகப் பார்த்தால் பிழை இல்லை. ஆனால் படையின் செய்தி முழுவதும் அதன் மிக நம்பத்தகாத இருவர் கையில் இருக்கிறது. இந்த மடன் வீரனுடையது அன்று, அமைப்புடையது.

நிக்கோத்ரா என்னும் சிசிலிய வீரன் அக்கால நடிகை பிரான்செஸ்கா பெர்த்தினியின் மேல் பித்தாகத் திரிவது போன்ற கிளைச் சிரிப்புகளும் படத்தில் உண்டு. அவை இளமையின்பாற்படும், நீண்ட ஆய்வை வேண்டுவன அல்ல.

மொழியின் வழிப் பிறக்கும் நகையை அவ்வாறு கடந்துவிட முடியாது. இத்தாலி ஒன்றிணைந்த 1861இல் பொது இத்தாலிய மொழியைப் பேசியவர்கள் மக்களில் 2.5 விழுக்காட்டினரே என்று மொழியியல் அறிஞர் துல்லியோ தெ மௌரோ மதிப்பிட்டார். போர்க்காலத்திலும் நிலை பெரிதும் மாறிவிடவில்லை. ஒரே பதுங்குகுழியில் மிலான் பேச்சும் உரோமப் பேச்சும் சிசிலியப் பேச்சும் மோதிக்கொள்கின்றன. நாட்டுக்காக உயிர் கொடுக்கச் சொல்லப்பட்டவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேலி செய்கின்றனர். சில வேளைகளில் புரிந்துகொள்வதே பெரும்பாடாகிறது. துணைத்தலைப்புகள் வழியே படம் பார்ப்போருக்கு இந்தச் சிரிப்பில் பாதி கிட்டுவதில்லை. எல்லாரும் ஒரே தட்டையான ஆங்கிலம் பேசுபவர்களாகிவிடுகின்றனர். நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் கலந்து வரும் படத்தை ஒரே நடையில் மொழிபெயர்த்துக் காட்டினால் என்ன எஞ்சுமோ அதுவே எஞ்சுகிறது.

அச்சமும் 'தம் இறை'யும்

அச்சத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பவற்றைக் கூறுகிறார். பகைவர் இப்பட்டியலில் இல்லை. நான்காவதாக நிற்பது தம்மை ஆள்பவர். போர்ப் படத்தை ஆராயும்போது இது வியப்பான பொருத்தம் உடையதாகிறது. கடோர்னாவின் படையில் போர்க்காலத்தில் நீதிமன்றத் தீர்ப்பின்படி தம் தரப்பினராலேயே சுடப்பட்டோர் ஏறத்தாழ 750 பேர். விசாரணையே இன்றிச் சுடப்பட்டோர் இக்கணக்கில் சேரார். முன்னே ஆஸ்திரியத் துப்பாக்கி, பின்னே தம் இறையின் துப்பாக்கி. யாகோவாச்சி, புசாக்காவின் அச்சத்துக்கு இரு முகங்கள் இருப்பதன் காரணம் இதுவே. தாக்குதலின்போது அவர்கள் ஓடுவதற்கும் பதுங்குவதற்கும் இடையே தத்தளிப்பதைச் சோர்டியின் உடல்மொழி காட்டும் விதம் சிறப்பானது: தோள் முன்னே செல்லும், இடுப்பு பின்வாங்கும்.

படத்தில் அச்சமற்றவன் என்று சொல்லத்தக்கவன் போர்தின் ஒருவனே. பல பிள்ளைகளுக்குத் தந்தை. பிறருக்கு இடப்பட்ட ஆபத்தான பணிகளைப் பணம் பெற்றுக்கொண்டு தான் செய்கிறான். அவன் வீரமும் கூலி வேலையாகிவிட்டது. பிள்ளைகளின் பசி அதன் விலையை முடிவுசெய்கிறது. ஒரு நாள் மாள்கிறான். அவன் மனைவியைச் சந்திக்க நேரும்போது இரு நண்பர்களுக்கும் இறப்பைச் சொல்ல வாய் வரவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு நழுவுகின்றனர். பணத்தை வாங்கும் இடங்களிலெல்லாம் பொய் சொன்னவர்கள், கொடுக்கும் ஓர் இடத்திலும் பொய்தான் சொல்கின்றனர். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று படம் சொல்வதில்லை. நகைக்கு மறுதலையாக அழுகையை வைத்துப் பார்த்துப் பழகிய நமக்கு இக்காட்சி சற்றே சங்கடமானது.

ஆஸ்திரியன் காப்பி போடும் காட்சி இன்னும் கூர்மையானது. மறைந்திருக்கும் இருவரின் துப்பாக்கிக் குறிக்குள் எதிரிப் படையின் ஒருவன் வந்து நிற்கிறான். அவன் செய்வதெல்லாம் காப்பி தயாரிப்பதுதான். இவர்களால் சுட முடியவில்லை. அவர்களுடைய தயக்கத்தை நீட்டி நீட்டி மோனிச்செல்லி சிரிப்பாக்குகிறார். பின்னர் இன்னொரு வீரன் சுட்டுவிடுகிறான். சர்தீனியப் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்த எமிலியோ லுஸ்ஸு தம் போர் நினைவுகளை எழுதி 1938இல் பாரிசில் வெளியிட்ட நூலில் இதற்கு நெருங்கிய நிகழ்ச்சி உண்டு. காலைக் காப்பியும் புகையுமாக நிற்கும் எதிரியைக் கண்ணெதிரே கண்டதும், போரில் சுடுவது வேறு, ஒரு மனிதனைக் கொல்வது வேறு என்று லுஸ்ஸு உணர்கிறார். லுஸ்ஸு கோழை அல்லர், அஞ்சாத அதிகாரி. திரைக்கதையாசிரியர்கள் அவருடைய தயக்கத்தை எடுத்து இரு கோழைகளிடம் கொடுத்தனர். இக்கைமாற்றத்தால் காட்சியின் பொருள் இரட்டிக்கிறது. அச்சத்தால் சுடவில்லையா, அருளால் சுடவில்லையா என்பதை அவர்களே அறியார். மாண்டவர்களை இழிவுபடுத்தும் படம் என்று சொன்னவர்களுக்கு விடை கூற இந்த ஒரு காட்சி போதும் என்பது என் துணிபு.

ஈரல்

பியாவே ஆற்றங்கரையில் எதிர்த்தாக்குதலுக்கு ஏற்பாடு நடக்கிறது. ஆணையைச் சேர்ப்பித்துவிட்டுத் திரும்ப வேண்டிய இருவரும் வழக்கமான சோம்பலால் ஒரு தொழுவத்தில் உறங்கிவிடுகின்றனர். அந்த இடம் ஆஸ்திரியர் வசமாகிறது. ஆஸ்திரிய மேலங்கியை அணிந்துகொண்டு நழுவப் பார்த்துப் பிடிபடுகின்றனர். பகைவர் உடையில் இருந்ததால் ஒற்றர் என்று சுடப்படும் நிலை. உயிரச்சத்தில், தங்களுக்குப் படகுப் பாலம் பற்றிய செய்தி தெரியும் என்று உளறிவிடுகின்றனர். சொன்னால் உயிர் உண்டு. சொல்லவும் முற்படுகின்றனர்.

அப்போது ஆஸ்திரிய அதிகாரி ஒரு கேலி பேசுகிறான். இத்தாலிய மொழியில் ஈரலுக்குரிய சொல்லே துணிவையும் குறிக்கும். இத்தாலியருக்குத் தெரிந்த ஈரல் வெங்காயத்தோடு வதக்கும் வெனிஸ் சமையல் ஈரல் மட்டுமே என்பது அவன் கேலி. நம் வழக்கில் அஞ்சியவனுக்கு ஈரக்குலை நடுங்கும். அவர்கள் வழக்கில் அஞ்சாதவனுக்கு ஈரல் உண்டு. ஒரே உறுப்பில் இரு மொழிகளும் எதிரெதிர் மெய்ப்பாடுகளைக் குடியேற்றியிருப்பதால் இக்கேலி தமிழில் சொல்லும்போது பாதி உயிரோடாவது வந்து சேர்கிறது.

புசாக்கா அதைக் கேட்டுவிடுகிறான். அவன் வாயடைக்கிறது, பிறகு திறக்கும்போது வெளிவருவது வசவு. சுடப்படுகிறான். யாகோவாச்சியின் நிலை வேறு. நண்பன் வீழ்ந்ததைக் கண்ட பின் அவன் அலறுகிறான்: தனக்கு எதுவும் தெரியாது, தெரிந்தால் சொல்லிவிடுவேன், தான் ஒரு கோழை, அது எல்லாருக்கும் தெரியும். அவனும் சுடப்படுகிறான்.

இவ்விரு சாவுகளையும் ஒன்றாகக் கருதுவதே பெரும்பாலான விமரிசனங்களின் பிழை. புசாக்காவின் சாவு எள்ளலில் பிறந்த வெகுளி. நாடு என்ற சொல் அவன் மனத்தில் இருந்ததற்குப் படத்தில் சான்றில்லை. தன் சாதிக்காரனை, தெருக்காரனை வெளியாள் பழித்தால் எழும் சினம் அது. யாகோவாச்சியின் சாவுக்கு அத்தகைய வெகுளியும் இல்லை. அவன் சொல்வதில் 'தெரியாது' என்பது பொய். 'கோழை' என்பது உண்மை. அந்த உண்மையைக் கொண்டே அவன் பொய்யை நம்பவைக்கப் பார்க்கிறான். வாழ்நாள் முழுவதும் பொய்யால் உயிரைக் காத்துக்கொண்டவன், உயிர் போகும் நேரத்திலும் பொய்தான் சொல்கிறான். இம்முறை அது வேறு யாரையோ காக்கிறது. அவன் உடல் கடைசிவரை நடுங்குகிறது. அச்சம் நீங்கியதால் வந்த தறுகண்மை இல்லை இது. அச்சம் முழுமையாக இருக்கும்போதே நிகழும் செயல். ஆதலால், கோழை வீரனாக மாறிவிட்டான், நாட்டுப்பற்று வென்றது என்று இம்முடிவைப் படிப்பதற்குப் படம் இடம் தரவில்லை. கோழை கோழையாகவே இறக்கிறான்.

மூலக்கதையோடு ஒப்பிட்டாலும் இது தெளிவாகும். மொப்பசானின் 'இரு நண்பர்கள்' சிறுகதை முற்றுகையிடப்பட்ட பாரிசில் நிகழ்வது. மீன்பிடிக்கச் சென்ற இரு பொதுமக்களைப் பிரஷ்யர் பிடித்து அடையாளச் சொல்லைக் கேட்கின்றனர். அவர்கள் சொல்ல மறுத்துச் சாகின்றனர். உடல்கள் ஆற்றில் வீசப்படுகின்றன. அவர்கள் பிடித்த மீன்களைப் பொரிக்கச் சொல்கிறான் அதிகாரி. அந்நண்பர்கள் எளியவர்கள், ஆனால் கோழைகள் அல்லர். அவர்களுடைய மறுப்பு அமைதியானது. மோனிச்செல்லி குழுவினர் அமைதியை எடுத்துவிட்டு அலறலை வைத்தனர்.

1959ஆம் ஆண்டு வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் விருதை இப்படம் ரொபெர்த்தோ ரொஸ்ஸெல்லினியின் 'ஜெனரல் தெல்லா ரோவெரே' படத்துடன் பகிர்ந்துகொண்டது. அதுவும் ஏமாற்றுக்காரன் ஒருவன் சுடப்பட்டு வீரனாவதைச் சொல்லும் கதைதான். அங்கே வித்தோரியோ தெ சீக்கா நடித்த பர்தோனே, ஜெர்மானியரின் தூண்டுதலால் எதிர்ப்பியக்கத் தளபதியாக வேடமிட்டுச் சிறைக்குள் செல்கிறான். வேடம் அவனை விழுங்கிவிடுகிறது, தளபதியாகவே சாகிறான். ஒரே ஆண்டில் ஒரே மேடையில் நின்ற இரு படங்களும் எதிர்த்திசையில் செல்கின்றன. பர்தோனேயின் பெருமிதம் கடன் வாங்கிய பெயரில் அமைந்தது. யாகோவாச்சி தன் சொந்தப் பெயரோடு, அப்பெயருக்கு ஊரார் கொடுத்த இகழ்ச்சியோடு சாகிறான். இரண்டில் எது கடினமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இசைமை இன்மை

பெருமிதத்தின் நிலைக்களன்களாகக் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றைத் தொல்காப்பியர் கூறுவார். இசைமை எனப்படும் புகழ் இங்கே அறவே இல்லை. எதிர்த்தாக்குதல் நடந்து இத்தாலியர் முன்னேறுகின்றனர். இருவரையும் காணாத அதிகாரி, அந்தச் சோம்பேறிகள் இந்த முறையும் தப்பித்துக்கொண்டார்கள் என்கிறார். நடுகல் நாட்டிப் பெயர் பொறிக்கும் மரபிலிருந்து வரும் வாசகருக்கு இந்த ஒரு வரியின் கொடுமை நன்கு விளங்கும். இவர்களுடைய பெயர் ஓடிப்போனவர் பட்டியலில் ஏறக்கூடும். ரெதிபூலியாவின் படிகளில் ஏறாது. கடோர்னா அறிக்கையின் 'கோழை' என்ற முத்திரை, அதைப் பொய்யாக்கிய அதே மணித்துளியில் மீண்டும் குத்தப்படுகிறது. சில்வானா மங்கானோ நடித்த கோஸ்தந்தீனாவுக்கும், தன்னிடம் வந்துபோன புசாக்கா என்ன ஆனான் என்று சொல்ல ஆள் இல்லை. போர்தினின் மனைவியிடம் மறைப்பதற்காவது இருவர் இருந்தனர்.

ஆகவே முடிவு சமரசம் என்ற குற்றச்சாட்டு நிற்காது. எனினும் படத்தின்மேல் வேறொரு குற்றச்சாட்டு உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. படத்தின் அதிகாரிகள் பெரும்பாலும் நல்லவர்கள். களைத்தவர்கள், வீரர்களோடு சேர்ந்து அல்லலுறுபவர்கள். 'தம் இறை'யின்மேல் வீரனுக்குள்ள அச்சத்தைப் படம் சிரிப்பாகக் காட்டுகிறது. அந்த அச்சத்தின் ஊற்றான மேல்மட்டத்தைக் காட்டுவதில்லை. தம்மவரைத் தாமே சுட்டுக்கொன்ற அந்த 750 பேரின் நிழல் கதையின் போக்கை எங்கும் முடிவுசெய்வதில்லை. இருவரையும் கொல்வது ஆஸ்திரியத் துப்பாக்கி. 1953 வழக்கின் நினைவு இதற்குக் காரணமாயிருக்கலாம். தயாரிப்பாளரின் எச்சரிக்கையும் இருக்கலாம். காரணம் எதுவாயினும் அந்த இடத்தில் படத்தின் எள்ளல் மேலே ஏறாமல் நின்றுவிடுகிறது.

சோர்டி அடுத்த ஆண்டே லூயிஜி கொமெஞ்சீனியின் 'தூத்தி அ காஸா'வில் மீண்டும் படையுடை அணிந்தார். 1943 செப்டம்பர் 8 போர்நிறுத்தம் பற்றி அறியாத இளநிலை அதிகாரி அவர்; ஜெர்மானியர் அமெரிக்கரோடு சேர்ந்துவிட்டார்கள் போலும் என்று மேலிடத்துக்குத் தொலைபேசியில் புலம்புகிறார். அங்கே ஆணை கொடுப்பவர்களே காணாமற்போய்விட்டதால் மேல்மட்டம் தானாகவே சிரிப்புக்கு உள்ளாகிறது. மோனிச்செல்லியோ 1966இல் காஸ்மனை வைத்து 'லார்மாத்தா பிராங்கலேயோனே' எடுத்து இடைக்காலத்துக்குப் போய்விட்டார். ஓட்டைக் கவசமும் மஞ்சள் குதிரையுமாகத் திரியும் அந்தப் படையின் பெயர், ஒழுங்கில்லாத கும்பலைக் குறிக்கும் சொல்லாக இத்தாலியப் பேச்சில் நிலைத்தது. சிரிப்பில் அது இதைவிடச் செறிவானது. ஆனால் ஆயிரம் ஆண்டுத் தொலைவிலுள்ள படையைச் சிரிப்பதால் யாருக்கும் வலிப்பதில்லை. 1970களில் மலிந்த பாசறைக் கேலிப் படங்களைப் பற்றிச் சொல்ல அதுவும் இல்லை.

மோனிச்செல்லி விட்ட இடத்தைத் தொட்டவர் பிரான்செஸ்கோ ரோஸி. லுஸ்ஸுவின் அதே நூலைக் கொண்டு 1970இல் அவர் எடுத்த 'வோமினி கோந்த்ரோ' படத்தில் தளபதியின் மூடத்தனமான ஆணைகளும், தம் வீரர்களையே சுடும் அணிகளும் நேராகக் காட்டப்படுகின்றன. காப்பி போடும் ஆஸ்திரியனைக் கண்டு யாரும் சிரிக்கும்படி அப்படம் அமையவில்லை. அதில் சிரிப்பே கிட்டத்தட்ட இல்லை. படையை இழிவுபடுத்தியதாக ரோஸியின் மீதும் புகார் தொடுக்கப்பட்டது. தொடக்க விசாரணையிலேயே அவர் விடுவிக்கப்பட்டார்.